ஹாம்ஸ்ட்ரிங்: கிழியாமல் காக்க எது, கிழிந்த பிறகு எது?

தொடைக்குப் பின்னால், அதாவது ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசைகளில், எது வலித்தாலும் நாம் "பிடித்துக்கொண்டது" என்றுதான் சொல்கிறோம். தசை சுருண்டு இறுகி, ஐந்து நிமிடம் நீட்டிவிட்டால் சரியாகிப் போவதும் பிடிப்புதான். தசை இழைகள் அறுந்து ஆறு வாரம் ஓட விடாமல் செய்வதும் பிடிப்புதான். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: குனிந்து நீட்டு, நன்றாக நீவி விடு, கொஞ்ச நாள் சும்மா இரு, வலி போனதும் ஓடு. முதல் வகைக்கு இது போதும். இரண்டாவது வகைக்கு இந்த நான்கில் ஒன்றுகூடச் சரிப்படாது.

நான் 200 மீட்டர் ஓடியவன். இடது தொடையில் முதல்முறை கிழிந்தபோது மூன்று வாரம் முழு ஓய்வு எடுத்தேன், வலி சுத்தமாகப் போய்விட்டது, திரும்பி வந்த பத்தாவது நாள் அதே இடத்தில் மறுபடியும் கிழிந்தது. அந்த இரண்டாவது கிழிவு வந்திருக்கவே வேண்டியதில்லை என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. அதனால் ஒரு ஓட்டக்காரரோ பயிற்சியாளரோ எடுக்க வேண்டியிருக்கும் முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதைவிட மேல், ஏன் மேல் என்று எழுதிப் பார்க்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஒரு கணம் வருகிறது. இடுப்பு மடங்கியிருக்கிறது, முழங்கால் விரிந்துகொண்டே போகிறது, அப்படி வீசிப் போகும் கீழ்க்காலைப் பிடித்து நிறுத்துகிற வேலை பின்தொடைத் தசைகளுடையது. அதாவது தசை நீண்டுகொண்டே போகும்போதே முழு பலத்தோடு இழுக்கவும் வேண்டும். ஓட்டத்தில் நடக்கும் கிழிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கணத்தில்தான் நடக்கின்றன என்று கருதப்படுகிறது, அதிகம் அடிபடுவது பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற வெளிப்பக்கப் பின்தொடைத் தசையின் இரண்டு பகுதிகளில் நீளமானது. ஆகவே எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும், எந்தச் சிகிச்சையைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீளும்போது சுமை தாங்க இது இந்தத் தசைக்குக் கற்றுக்கொடுக்கிறதா?

கிழியாமல் இருக்க

ஸ்ட்ரெச்சிங்கில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எல்லோரும் முதலில் நம்புவது அதைத்தான். குனிந்து கால்விரலைத் தொட்டு அரை நிமிடம் நிற்பது உடம்புக்கு இதமாக இருக்கும், நெகிழ்வும் கூடும், ஆனால் ஹாம்ஸ்ட்ரிங் கிழிவை அது குறைக்கிறது என்பதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. என் கேள்வியை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்: இதில் தசை நீளத்தான் செய்கிறது, சுமை தாங்குவதில்லை. போதாததற்கு, ஓடுவதற்குச் சற்று முன் ஒரு நிமிடத்துக்கும் மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் தசையின் பலம் தற்காலிகமாகக் கொஞ்சம் குறையவும் செய்யும். பிடித்திருந்தால் பயிற்சி முடிந்தபின் செய்யுங்கள். காப்பு என்று மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது நார்டிக். முழங்காலிட்டு நின்று, குதிகால்களை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்ந்துகொண்டே போய், தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுவது. பார்க்க எளிதாக இருக்கும், முதல்முறை செய்பவர் பாதித் தூரம்கூடத் தாங்க மாட்டார். இதற்கு இருக்கும் ஆதாரம் வேறு எந்தத் தனிப் பயிற்சிக்கும் இல்லை. டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளின் 942 வீரர்களை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், 10 வாரம் நார்டிக் செய்து பிறகு வாரம் ஒருமுறை தொடர்ந்த அணிகளில் 15 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், வழக்கமான பயிற்சி மட்டும் செய்த அணிகளில் 52. ஏற்கெனவே ஒருமுறை கிழிந்தவர்களுக்குக் கிடைத்த பலன் இன்னும் பெரியது. பிறகு 2019-ல் 8,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நார்டிக் இருக்கும் பயிற்சித் திட்டங்கள் காயங்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருந்தன.

இவ்வளவு பலன் இருந்தும் நிறைய அணிகள் இதைச் செய்வதில்லை, செய்ய ஆரம்பித்தவர்களும் சீசன் நடுவில் விட்டுவிடுகிறார்கள். காரணம் வலி. முதல் வாரமே 3 செட், 10 ரெப் (ஒருமுறை செய்வது ஒரு ரெப், இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதி ஒரு செட்) என்று இறங்கினால் இரண்டு நாள் படி இறங்க முடியாது, அப்புறம் யார் திரும்பிச் செய்வார்கள்? முதல் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 2 செட், செட்டுக்கு 5 ரெப் என்று ஆரம்பித்தால் அந்த வலி தாங்கக்கூடியதாக இருக்கும். இன்னொரு நல்ல செய்தி: ஒரு சிறிய ஆய்வில், முதல் இரண்டு வாரம் வழக்கமான அளவு செய்துவிட்டு அப்புறம் வாரத்துக்கு வெறும் 8 ரெப் மட்டும் செய்தவர்களும், அதைப் போலப் பல மடங்கு செய்தவர்களும் பலத்திலும் தசை இழைக்கற்றையின் நீளத்திலும் ஏறக்குறைய ஒரே முன்னேற்றத்தைக் கண்டார்கள். வாரத்துக்கு 8 ரெப் என்றால் ஐந்து நிமிட வேலை. அதற்குக்கூட நேரமில்லை என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. இதைப் பயிற்சியின் கடைசியில் வையுங்கள், போட்டிக்கு முந்தின நாள் வேண்டாம், முழுவதுமாக நிறுத்தவும் வேண்டாம், ஏனென்றால் கிடைத்த நீளம் சில வாரங்களிலேயே திரும்பக் குறைந்துவிடும்.

நார்டிக்கில் ஒரு குறையும் உண்டு. இடுப்பு நேராகவே இருப்பதால் தசை முழு நீளத்துக்குப் போவதில்லை, வேலையும் முழங்கால் பக்கமே அதிகம். அந்தக் குறையை ரொமேனியன் டெட்லிஃப்ட் நிரப்பும். முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து எடையை இறக்கும்போது பின்தொடை மேல்பக்கம் வரை சுமையோடு நீள்கிறது. ஒற்றைக் காலில் செய்தால் எடை குறைவாகவே போதும், இடது வலது வித்தியாசமும் தெரிந்துவிடும். நார்டிக்குக்கு இருப்பது போன்ற பெரிய ஆய்வுகள் இதற்கு இல்லை. ஆனாலும் நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், உயரமாக உதைக்கும் தற்காப்புக் கலைகள் என்று காலை எல்லை வரை தூக்குபவர்களுக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், அவர்களுக்குக் கிழிவது பெரும்பாலும் மேலே, உட்காரும் எலும்பின் பக்கத்தில்.

இனி பலர் காப்பாகவே நினைக்காத ஒன்று: முழு வேகத்தில் ஓடுவது. கிழிவதே வேகமாக ஓடும்போதுதான், அதனால் வேகத்தைக் குறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு, நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை வேறு. ஜிம்மில் செய்யும் எந்தப் பயிற்சியும் இந்தத் தசையை முழு வேக ஓட்டம் தூண்டும் அளவுக்குத் தூண்டுவதில்லை. வாரக்கணக்கில் முக்கால் வேகத்திலேயே ஓடிவிட்டு போட்டியன்று திடீரென்று முழு வேகத்துக்குப் போகும் கால்தான் ஆபத்தில் இருக்கிறது. கால்பந்து வீரர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு வாரம் பார்த்த 2020 ஆய்வு ஒன்றில், ஸ்பிரிண்ட் பயிற்சி செய்த குழுவுக்குத் தசை இழைக்கற்றையின் நீளம் நார்டிக் குழுவை விடக் குறையாமல் கூடியது, அதோடு ஓட்ட வேகமும் முன்னேறியது. வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள், நல்ல வார்ம்-அப்புக்குப் பிறகு, உடம்பு சோர்வதற்கு முன்னால், 90 சதவீதத்துக்கு மேல் சில ஓட்டங்கள். 20 மீட்டர் வேகம் பிடித்து அடுத்த 20 மீட்டர் அதைத் தக்கவைப்பது போல நாலைந்து போதும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வருகிறீர்கள் என்றால் 70, 80, 90 என்று மூன்று நான்கு வாரத்தில் ஏறுங்கள், முதல் நாளே ஸ்டாப்வாட்சை எடுக்காதீர்கள்.

ஆக, ஓட்டம் உள்ள விளையாட்டு எதுவாக இருந்தாலும் என் தேர்வு முதலில் ஒழுங்கான ஸ்பிரிண்ட் அளவு, பக்கத்திலேயே கொஞ்சம் நார்டிக், நேரமிருந்தால் டெட்லிஃப்ட். முன்பு ஒருமுறை கிழிந்தவராக இருந்தால் நார்டிக் கட்டாயம், ஏனென்றால் அடுத்த கிழிவுக்கு முன்னறிவிப்பு தரும் விஷயங்களில் முந்தைய கிழிவைவிடப் பெரியது எதுவும் இல்லை. 14 வயதைத் தாண்டிய இளையோர் அணி என்றால் தனித்தனியாக எடுத்துக்கொண்டிருக்காமல் ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், 20 நிமிடம்தான், நார்டிக்கும் அதற்குள் இருக்கிறது.

கிழிந்த முதல் வாரம்

ஓடும்போது பின்தொடையில் யாரோ அடித்தது போல ஒரு வலி வந்தால் அங்கேயே நில்லுங்கள். "இந்த ஒரு ஓட்டத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்பது சின்னக் கிழிவைப் பெரிதாக்கும் வழி. அன்றைக்கு ஐஸ் வைக்கலாம், வலி குறையும், சீக்கிரம் ஆறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துணிக்கட்டு கட்டலாம். கிழிந்த இடத்தை அழுத்தி நீவுவதும், எவ்வளவு வலிக்கிறது பார்க்கலாம் என்று குனிந்து இழுப்பதும் வேண்டவே வேண்டாம். வலி மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஓடிப் பார்ப்பதும் அப்படித்தான்.

உண்மையான தேர்வு இதற்கு அடுத்த நாட்களில் வருகிறது: முழு ஓய்வா, சீக்கிரமே அசைவா? நான் முதல்முறை தவறியது இங்கேதான். டென்மார்க்கிலேயே 50 அமெச்சூர் வீரர்களை வைத்து நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்தவர்களில் ஒரு பாதிக்கு 2 நாளில் பயிற்சி ஆரம்பித்தார்கள், இன்னொரு பாதிக்கு 9 நாள் கழித்து. முதல் குழு நடு மதிப்பாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பியது, இரண்டாவது குழுவுக்கு 83 நாட்கள். ஆரம்பத்தில் காத்திருந்தது ஒரு வாரம், கடைசியில் இழந்தது மூன்று வாரம். சீக்கிரம் என்றால் ஓடுவது என்று அர்த்தமில்லை. நடப்பது, முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுவது, படுத்துக்கொண்டு குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடிப்பது, அப்புறம் இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ். அவ்வளவுதான் முதல் சில நாட்களுக்கு.

சிலருக்கு இந்த வழி பொருந்தாது. "டப்" என்று சத்தம் கேட்டது, நான்கு அடிகூட நடக்க முடியவில்லை, ஓரிரு நாளில் தொடை முழுக்கக் கருநீலமாகிறது, தடவினால் பள்ளமோ கட்டியோ தெரிகிறது, உட்காரும்போது எலும்பின் மேலேயே வலிக்கிறது என்றால் தசைநாண் எலும்பிலிருந்து பிரிந்திருக்க வாய்ப்புண்டு. மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சீக்கிரம் செய்வதே எளிது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குத் தசைக்குப் பதிலாக அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டே பிய்ந்து வரலாம், அவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் "தசைதான்" என்று முடிவு செய்வது தவறு. அடிபட்ட கணம் என்று எதுவுமே இல்லாமல் தானாக வந்து, மரத்துப்போவதும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் சேர்ந்திருந்தால் கோளாறு இடுப்பு முதுகிலிருந்தும் வரலாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது அடுத்த குழப்பம். மேலே சொன்ன ஆபத்துக் குறிகள் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் எத்தனை நாளில் திரும்பலாம் என்பதைக் கணிப்பதில் நல்ல ஃபிசியோ கையால் பரிசோதித்துச் சொல்வதற்கு மேல் ஸ்கேன் கூட்டித் தருவது மிகவும் கொஞ்சம். குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன் எடுப்பது இன்னும் உதவாத வேலை: நன்றாகத் தேறி விளையாடத் தகுதி பெற்றவர்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 89 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் இன்னும் பழுது தெரிந்தது. ஆனால் மேல்நிலைப் போட்டியில் இருப்பவர், தசைக்குள் ஓடும் நாண் வரை கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எடுப்பதில் நியாயமுண்டு, நாண் சேர்ந்த கிழிவுக்குக் காலம் அதிகம் பிடிக்கும்.

தேற்றும் வழிகளில் எது

ஊசியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதாவது சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. 80 வீரர்களில் பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி.யும் மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீரும் போட்டு, யாருக்கு எது என்று சொல்லாமல் பார்த்த 2014 ஆய்வில் இரண்டு குழுவுக்கும் நடு மதிப்பு 42 நாட்கள். ஒரு நாள்கூட வித்தியாசமில்லை. சாதகமாக வந்த சிறிய ஆய்வுகளும் உண்டுதான், ஆனால் இதைவிட மலிவாகவும் உறுதியாகவும் பலன் தரும் ஒன்று கையில் இருக்கும்போது நான் ஊசிக்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

அந்த ஒன்று, தசையை நீட்டிக்கொண்டே சுமை ஏற்றும் பயிற்சி. ஸ்வீடனில் 75 கால்பந்து வீரர்களைக் காயம்பட்ட 5-ஆம் நாளிலிருந்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஸ்ட்ரெச்சிங், பிரிட்ஜ் போன்றவை. இன்னொரு குழுவுக்கு நீளத்தில் வேலை செய்யும் மூன்று பயிற்சிகள். முதலாவது, மல்லாந்து படுத்துத் தொடையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு முழங்காலை மெதுவாக நீட்டி, வலி ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் திரும்புவது. இரண்டாவது, ஒற்றைக் காலில் நின்று நீரில் பாய்வது போல முன்னால் சாய்வது. மூன்றாவது, ஒரு காலின் குதிகாலில் எடையை வைத்து மற்றக் காலைப் பின்னால் வழுக்கவிடுவது. இந்தக் குழு சராசரியாக 28 நாளில் திரும்பியது, மற்றது 51 நாளில். இரண்டு ஆண்டுகளில் கேட்ட வேறு எந்த ஆலோசனையும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை. இரண்டாவது கிழிவுக்குப் பிறகு என்னைத் தேற்றியதும் இந்த மூன்றும்தான், ஃபிசியோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள.

வேறொரு பழைய ஆய்வும் நினைவில் வைக்கத் தகுந்தது. 24 பேரில் ஒரு பாதிக்கு ஸ்ட்ரெச்சிங்கும் தனித்தசைப் பலப் பயிற்சியும், இன்னொரு பாதிக்குப் பக்கவாட்டு அடிகள், சுறுசுறுப்புப் பயிற்சிகள், நடுவுடம்பை நிலைநிறுத்தும் பயிற்சிகள். திரும்பிய இரண்டே வாரத்தில் முதல் குழுவில் 11-ல் 6 பேருக்கு மறுபடி கிழிந்தது. இரண்டாவது குழுவில் 13-ல் ஒருவருக்கும் இல்லை. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் என் கதையே அந்த ஆறு பேரில் ஒருவருடையதைப் போல இருந்ததால் என்னால் மறக்க முடியவில்லை. ஆக இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: நீளத்தில் சுமை, இடுப்பையும் நடுவுடம்பையும் கட்டுப்படுத்தும் வேலை. ஓட்டத்தையும் மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள், கடைசி வாரத்துக்கு என்று ஒதுக்காதீர்கள்.

செய்யும்போது வலி இருக்கலாமா? பத்துக்கு நான்கு வரை வலியை அனுமதித்தவர்களையும் துளி வலியும் கூடாது என்று நிறுத்தியவர்களையும் ஒப்பிட்டபோது திரும்பும் நாட்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன, ஆனால் கொஞ்சம் வலியோடு செய்தவர்களுக்குப் பலம் நன்றாகத் தேறியிருந்தது. பயந்து பயந்து செய்ய வேண்டியதில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், கூர்மையாகக் குத்தும் வலி வந்தால் மட்டும் நிறுத்துங்கள். காலைத் தூக்கும்போது மேலே கிழிந்த வகைக்கு இந்த நாள் கணக்கெல்லாம் பொருந்தாது. ஆரம்பத்தில் லேசாகத்தான் தெரியும், ஆனால் ஓட்டக்காரர்களையும் நடனக்காரர்களையும் தொடர்ந்து பார்த்தபோது பழைய நிலைக்கு வர ஓட்டக்காரர்களுக்கு நடு மதிப்பாக 16 வாரமும் நடனக்காரர்களுக்கு 50 வாரமும் ஆகியிருந்தது.

எப்போது திரும்புவது

காலண்டரைப் பார்த்தா, காலைப் பார்த்தா? காலைப் பார்த்துத்தான். ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்து கிளப்புகளை 2001-லிருந்து கண்காணித்துவரும் யூஇஎஃப்ஏ ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு முதல் சீசனில் 12 சதவீதமாக இருந்து 2021-22-ல் 24 சதவீதமாகியிருந்தது. அத்தனை மருத்துவ வசதி உள்ள இடத்திலேயே அவற்றில் 18 சதவீதம் மறுபடி வந்தவை, அப்படி மறுபடி வந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் நடந்தவை.

அழுத்தினால் வலி இல்லை, படுத்துக் காலைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒரே உயரம், பலம் மற்றக் காலுக்கு நெருங்கிவிட்டது. இவை எல்லாம் சரியான பிறகு ஒரு கடைசிச் சோதனை இருக்கிறது: மல்லாந்து படுத்து, முழங்காலை மடங்காமல் கட்டிக்கொண்டு, காலை முடிந்த வேகத்தில் மேலே வீசுவது. வலிக்காவிட்டாலும் "விட்டுவிடுமோ" என்ற தயக்கம் மனதில் வந்தால் இன்னும் மூன்று முதல் ஐந்து நாள் பயிற்சி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதில் தேறிய பிறகும் உடனே போட்டிக்குப் போகாமல், முழு வேக ஓட்டத்தைக் குறைந்தது இரண்டு மூன்று தனித்தனி நாட்களில், அவற்றில் ஒருநாளாவது கால் களைத்த பயிற்சியின் முடிவில், செய்து முடித்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் நார்டிக்கை விடாதீர்கள், மறுநாள் காலையில் தொடை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள், வழக்கத்துக்கு மாறாக இறுக்கமாக இருந்தால் அன்றைய ஸ்பிரிண்டை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.